தமனியா, சிரையா: நாலு நாளில் மறப்பது ஏன்?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. உயிரியல் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். உடனே கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். நாலு நாள் கழித்துக் கேட்டால் தமனி எது, சிரை எது என்பதே குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: "தமனி என்றால் என்ன?" என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். "ஆக்ஸிஜன் உள்ள இரத்தம் ஓடுவது" என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். குழப்பத்தின் வேர் அதுதான். இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. திசையைப் பார்த்து வைத்த பெயர்கள். இது பிடிபட்டால், நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் ஓடுவதை 'விதிவிலக்கு' என்று உருப்போட வேண்டாம். ஆக்ஸிஜன் ஏற்றிக்கொள்ளத்தானே அது நுரையீரலுக்குப் போகிறது!

அடுத்து, அவள் கையையே பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் விரல் வைத்தால் நாடி துடிக்கும், அது தமனி. புறங்கையில் பச்சையாகத் தெரிவது சிரை, தொட்டால் துடிப்பு இருக்காது. இதயம் தள்ளும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் தமனிக்குத் தடித்த சுவர். சிரையில் அழுத்தம் குறைவு, காலிலிருந்து மேலேறும் இரத்தம் கீழே இறங்கிவிடக் கூடாது, அதனால் வால்வுகள். அசைவம் சமைக்கும் வீடு என்றால் கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்றை முழுசாக வாங்கி, குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டிய இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழ் அறை) சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்று கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது. (அப்புறம் குழம்பு வைத்துவிடலாம்.)

இனி மறதி. ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61 சதவீதம் நினைவிருந்தது, வாசித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40. உங்கள் வீட்டில் நடப்பதும் இதேதான். வண்ணப் பேனாவால் அடிக்கோடிடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு இரத்தத்தின் பயணத்தை வரையட்டும். கால் கட்டைவிரலில் கிளம்பி கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள் (மேல் அறை), மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, மறுபடி கட்டைவிரல். முதல் நாள் பாதி வழியில் நின்றுவிடுவாள். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். விட்ட இடத்தை மட்டும் அவளே புத்தகத்தில் பார்த்து, வேறு நிற மையில் எழுதட்டும். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று புதுத் தாளில் மறுபடி வரையச் சொல்லுங்கள். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த வேறு நிற மை எங்கே குறையவில்லையோ, அங்கே ஏதோ ஒரு 'ஏன்' அவளுக்கு இன்னும் புரியவில்லை.