ராணுவத்தில் வந்த ஒற்றைத் தலைவலிக்கு டிசபிலிட்டி பென்ஷன் (உடல் குறைபாட்டுக்கான ஓய்வூதியம்) கிடைக்குமா? மெடிக்கல் போர்டு மறுத்துவிட்டால் என்ன செய்வது?

கிடைக்கும் தம்பி. எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் வாங்க முடிந்தது.

உங்கள் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: அப்பா அதிகாரியாக இல்லாமல் நாயக்காகவோ ஹவில்தாராகவோ வெளியே வந்திருக்கிறார். வெளியே அனுப்பும்போது பரிசோதிக்கும் டாக்டர்கள் குழுவான கடைசி மெடிக்கல் போர்டில் தலைவலியைக் குறித்துவிட்டு, பணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டார்கள். அவரும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டார். வேறு மாதிரி நடந்திருந்தால் மன்னிக்கவும். பெரும்பாலோர் கதை இப்படித்தான் இருக்கிறது.

கேள்விக்குக் கீழே ஒருவர் "தலைவலிக்கெல்லாமா பென்ஷன்? கால் போனவனுக்கே கிடைப்பதில்லை" என்று எழுதியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கால் போனவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவருடைய பங்கைப் பிடுங்கி எனக்குத் தரவும் இல்லை. பொய்த் தலைவலி சொல்லி பரேடிலிருந்து நழுவுகிறவர்களையும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு பேர் இருப்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். வந்தவன் பென்ஷன் கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள்.

நான் பீரங்கிப் படையில் இருந்தவன். 155 மி.மீ. போபர்ஸ் பீரங்கியில் குறி பார்க்கும் வேலை. டயல் சைட் என்ற குறிபார்க்கும் கருவியில் கண்ணை வைத்து, சொல்லும் எண்ணுக்குத் திருப்பி நிறுத்த வேண்டும். லடாக்கில் இருந்தபோது ஒரு பயிற்சியில் அந்த எண்ணின் வலது பாதி காணாமல் போனது. 36 இருக்க வேண்டிய இடத்தில் 3 மட்டும் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு வெளிச்சக்கோடு நடுங்கிக்கொண்டே பெரிதாகியது. அது அடங்கியதும் இடது நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்தது. அன்று மாலை மெஸ் டின்னில் வாந்தி எடுத்துவிட்டு, துண்டை நனைத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பளிக்குள் முகத்தை மூடிக் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரர், பஞ்சாபி, தன் பக்கத்து பல்பைக் கழற்றி வைத்துவிட்டு இருட்டிலேயே சாப்பிட்டார். டாக்டர்களை விட அவருக்கு என் நோய் சீக்கிரம் புரிந்துவிட்டது.

பிறகு இது வழக்கமாகிவிட்டது. சிக் ரிப்போர்ட்டில் பெயர் எழுதிக்கொண்டு எம்.ஐ. ரூம் என்ற யூனிட் மருத்துவ அறைக்குப் போனால் ஒரு வலி மாத்திரையும் "மெடிசின் அண்ட் டியூட்டி" என்ற குறிப்பும் கிடைக்கும். மாத்திரையைத் தின்றுவிட்டு டியூட்டிக்குப் போ என்று அர்த்தம். மலையில் நரம்பியல் நிபுணருக்கு எங்கே போவது? யூனிட் கீழே இறங்கி அமைதிப் பகுதிக்கு, அதாவது எல்லையிலிருந்து விலகிய சாதாரண முகாமுக்கு, வந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒற்றைத் தலைவலி என்று முடிவானது. ஃப்ளூனரிசின் கொடுத்தார்கள், அப்புறம் புரோப்ரனலால். மெடிக்கல் கேட்டகரியும், அதாவது உடல் தகுதித் தரமும், இறங்கியது.

வெளியே வரும்போது கூடிய போர்டு என் குறைபாட்டை வாழ்நாளுக்கு 20 சதவீதம் என்று போட்டது. அதுவரை சரி. பணியால் ஏற்பட்டதா என்ற கட்டத்தில் "இல்லை", பணியால் தீவிரமானதா என்ற கட்டத்திலும் "இல்லை". காரணம் ஒரே வரி: உடல்வாகு சார்ந்த கோளாறு, அமைதிப் பகுதியில் தொடங்கியது. நோய்க்குப் பெயர் வைத்த ஊரை நோய் தொடங்கிய ஊராக்கிவிட்டார்கள். மலையில் நான் வாங்கிய மாத்திரைகளெல்லாம் யாருக்காக?

நான் வழக்கறிஞர் இல்லை. என் வழக்குக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சட்டம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அவர் சிக்னல்ஸ் பிரிவில் சுமார் 9 ஆண்டுகள் இருந்து, வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டவர். எடுக்கும்போது பரிசோதித்துத்தானே எடுத்தீர்கள்? அப்போது குறிக்காத நோய் பின்னால் வந்தால், அது பணியால் வந்தது என்றே கருத வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரர் தலையில் இல்லை. போர்டு மறுப்பதானால் காரணம் எழுத வேண்டும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். அமைதிப் பகுதியிலும் ராணுவப் பணிக்கு அதற்கான அழுத்தம் உண்டு என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. போர்டின் கருத்துக்கே முதலிடம் என்று சொன்ன தீர்ப்புகளும் இருக்கின்றன, எதிர்த்தரப்பு அவற்றைத்தான் நீட்டும். அப்பா 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்திருந்தால் புதிய விதிகள் பொருந்தும். அவை கடுமையானவை. என் கதையை அப்படியே அவருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

செய்ய வேண்டியதில் முதல் வேலை, போர்டு நடவடிக்கைகளின் முழுப் பிரதியையும் பழைய மருத்துவக் குறிப்புகளையும் அவருடைய ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டு வாங்குவது. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது. பிறகு தீர்ப்பாயம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. என் வழக்கில் பேசியது அந்த "மெடிசின் அண்ட் டியூட்டி" குறிப்புகள்தான். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது, ஒவ்வொரு தேதியிலும் நான் மலையில் இருந்தேன். வலியைப் பற்றி உருக்கமாக எழுதிக்கொண்டு போகாதீர்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன வேலையில் இருந்தார் என்று வரிசையாக எழுதுங்கள்.

20 சதவீதத்துக்குக் கீழே போட்டிருந்தால் வழி கரடுமுரடானது. பணியை முடிக்க விடாமல் நோயைக் காட்டி இடையிலேயே வெளியேற்றியிருந்தால் அதற்குத் தனித் தீர்ப்பு உண்டு: சுக்விந்தர் சிங் வழக்கு, 2014. ஆனால் காலம் முடிந்து சாதாரணமாக ஓய்வு பெற்றவர் அதைப் பிடித்துக்கொண்டு போக முடியாது.

பணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. ராம் அவதார் வழக்கின் 2014 தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வு பெற்று வந்தவருக்கும் 20 சதவீதக் குறைபாட்டை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஆக, கடைசிச் சம்பளம் 40,000 என்றால் மாதம் 6,000 ரூபாயும் அதன் மேல் அகவிலைப்படியும். தாமதமாக வழக்குப் போட்டால் நிலுவையை 3 ஆண்டுகளோடு நிறுத்திவிடவும் கூடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படி எனக்குக் கிடைக்கும் பணத்துக்குத்தான் என் சொந்தக்காரர்கள் "சும்மா உட்கார்ந்து வாங்குகிறான்" என்கிறார்கள். சொல்கிறவர்கள் யார்? கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எது வந்தாலும் பத்து நாள் முன்பே போன் போட்டு, "மாமா, கேன்டீன் கோட்டாவில் நாலு பாட்டில் கிடைக்குமா" என்று கேட்கிறவர்கள். பனியில் இருந்தபோது ஒரு கடிதம் போடாதவர்கள். எனக்கோ ஒரு மடக்குக் குடித்தால் அன்றிரவே தலை பிளந்துவிடும், டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அதைச் சொன்னால், "நீங்கள் குடிக்காததால்தானே கோட்டா மிச்சமிருக்கும்" என்று கணக்குப் போடுகிறார்கள். பந்தலில் சீரியல் பல்பும் கட்டி, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கரையும் வைப்பார்கள். எழுந்து போனால், "மிலிட்டரிக்காரருக்குத் தலைக்கனம்" என்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்காவது சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்று. கிடைக்கும் நிலுவையில் இத்தனை பங்கு வேண்டும் என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகர்கள் ஒவ்வொரு ஊரிலும் சுற்றுகிறார்கள். கொடுக்காதீர்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்பா எந்த ஆண்டு வெளியே வந்தார், போர்டு எத்தனை சதவீதம் போட்டது, காரணமாக என்ன எழுதினார்கள் என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மாலையில் நான் திரையைப் பார்ப்பதில்லை, காலையில்தான் பதில் வரும்.