மறுமலர்ச்சியை எங்கிருந்து தொடங்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு. ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றால் பெயர்களையும் வருடங்களையும் நெட்டுருப் போடுகிறாள். ஓவியங்களைக் கணினியில் காட்டினேன். “நல்லா இருக்குப்பா” என்பதோடு சரி. ஓவியம் வரைந்ததில் அறிவியல் எங்கே வந்தது என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. மோனாலிசாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தப் புன்னகை எங்கும் போய்விடாது. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி செய்த சோதனையிலிருந்து தொடங்குங்கள். அதில் ஓவியமும் கணக்கும் ஒரே வேலை.

ஏ4 அளவில் அக்ரிலிக் தகடு, மெல்லிய முனையுள்ள மார்க்கர், 1 செ.மீ. துளையிட்ட அட்டை போதும். நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் மேஜை போட்டுத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். துளை அட்டையை அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அசையாமல் ஒட்டுங்கள். ஒரு கண்ணை மூடி, துளை வழியே பார்த்து, தரைக்கோடு, தூண், கதவு எல்லாவற்றையும் தகட்டின் மேலேயே வரையட்டும். ஜெர்மன் ஓவியர் டியூரரின் 1525ஆம் ஆண்டு நூலில் கிட்டத்தட்ட இதே கருவி மரச்செதுக்குப் படமாக இருக்கிறது.

துளை அட்டையை வேண்டாமென்று விட்டால் படம் கெடும். தலை 2 செ.மீ. நகர்ந்தாலே கோடுகள் ஒன்றோடொன்று சேராது. தூரத்து மரத்தை வரையச் சொல்லாதீர்கள். அதில் குவிகிற கோடுகளே கிடையாது.

வரைந்தபின் அளவுகோல் வைத்து, வராந்தாவின் நீளவாக்கில் ஓடும் தரைக்கோடுகளை நீட்டுங்கள். எல்லாம் துளையின் உயரத்தில் ஒரே புள்ளியில் கூடும். கண்ணிலிருந்து 6 மீட்டரில் உள்ள 2 மீட்டர் கதவு தகட்டில் 10 செ.மீ. இருக்கும், 12 மீட்டரில் 5 செ.மீ. வடிவொத்த முக்கோணம், அவ்வளவுதான். 1435இல் இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி ஓவியர்களுக்கு எழுதி வைத்த முறையின் அடிப்படையும் இதுவே.

இனி புருனெலெஸ்கியின் வித்தை. படத்தை டிரேஸ் பேப்பரில் எடுத்து, இடவலம் மாற்றி ஓர் அட்டையில் பதியுங்கள். கோடுகள் கூடும் புள்ளியில் பென்சில் பருமனில் துளையிடுங்கள். துளை அட்டை இருந்த இடத்தில் கண்ணை வைத்து, படம் வராந்தாவைப் பார்த்திருக்க, படமுள்ள அட்டையின் பின்பக்கத்திலிருந்து அதன் துளை வழியே பார்க்க வேண்டும். எதிரே 15 செ.மீ. தூரத்தில் முகம்பார்க்கும் கண்ணாடி. ஏன் 15? ஒளி போய்த் திரும்பினால் 30 ஆகிவிடும், தகடு இருந்த அதே தூரம். கண்ணாடியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் படம் சிறுத்து, காட்சியோடு பொருந்தாது. வெளிச்சம் படத்தின் மேல் விழவில்லையென்றால் இருட்டுதான் தெரியும். கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் நிஜ வராந்தா நிற்கும். புருனெலெஸ்கி ஃபிளாரன்ஸ் பேராலய வாசலில் நின்று, எதிரேயிருந்த ஞானஸ்நான மண்டபத்தை வைத்துச் செய்தார். வானத்தை வரையவில்லை, அங்கே மெருகேற்றிய வெள்ளியைப் பதித்தார், அசல் மேகங்கள் அதில் நகர்ந்தன. அவர் வரைந்த அந்தப் பலகை தொலைந்துவிட்டது, அவர் வாழ்க்கை வரலாற்றில் மனெட்டி எழுதிய குறிப்புதான் மிச்சம்.

இது பிடித்துப்போனால் கலிலியோவுக்கு வாருங்கள். 1609 ஜூலையில் இங்கிலாந்தில் கணித அறிஞர் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தார். மலை என்று அவருக்குப் படவில்லை. சில மாதங்கள் கழித்து கலிலியோ, இருண்ட பகுதிக்குள் தனியே மினுங்கிய புள்ளிகளை, வெயில் முதலில் படும் சிகரங்கள் என்று கண்டுகொண்டார். ஒளிநிழல் வரையப் பழகிய கண் அது. தட்டில் மைதாவைப் பரப்பி, குழிகள் அழுத்தி, இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து அதை அவள் வரையட்டும். பிறகு பைனாகுலரில் நிலவு. பௌர்ணமியன்று வேண்டாம், நிழலே விழாது. வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள் பாருங்கள்.