பூட் ஆகவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டதா?

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கொம்பியூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. திருத்தும் கடையில், பூட் ஆகவில்லை, டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்றார்கள். பூட் என்றால் பூட்டிக்கொண்டது என்று அர்த்தமா? மாற்றத்தான் வேண்டுமா?"

பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது காலில் போடும் சப்பாத்து. உயரமான பூட்ஸின் மேல் விளிம்பில் ஒரு வார் வளையம் தைத்திருக்கும். அதை இழுத்துத்தான் காலை நுழைப்பார்கள். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்க முடியுமா? நடக்காத காரியத்துக்கு ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை உவமை சொன்னார்கள்.

கணினிக்கும் இதே சிக்கல்தான். கரண்ட் போனதும், ரேம் என்ற தற்காலிக நினைவகம் வெறுமையாகிவிடும். மறுபடி போடும்போது டிஸ்க்கிலிருந்து விண்டோஸை எடுத்துவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை எது எடுத்துவரும்? 1950களில் இந்த வேலைக்கு பூட்ஸ்ட்ராப் என்று பெயர் வந்து, பிறகு பூட் என்று சுருங்கியது. 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியின் முகப்பு முழுக்கச் சுவிட்ச்கள். அவற்றை மேலும் கீழும் தட்டித் தட்டி அந்த முதல் நிரலைக் கையாலேயே ஊட்டினார்கள். ஒரு சுவிட்ச் பிசகினாலும் ஓடாது. இன்று அந்த முதல் நிரல், கணினியின் பிரதான பலகையான மதர்போர்டில் ஒரு சிப்பில் நிரந்தரமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் திரையில் அந்த வரி வந்ததே நல்ல சகுனம். சிப் விழித்து, டிஸ்க்கைத் தேடிப் போயிருக்கிறது. தொடங்கக்கூடிய எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பின்பக்கம் பென்டிரைவ் ஏதும் செருகியிருந்தால் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால், போட்டவுடனே எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டுங்கள். செட்டிங்ஸ் திரை வரும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் மட்டும் பழுதாகியிருக்கலாம், அதைத் திருத்த முடியும். திகதி பல வருடம் பின்னால் நின்றால், மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் வட்டப் பற்றரி தீர்ந்து செட்டிங்ஸ் அழிந்திருக்கும். சீஆர் 2032 என்று மணிக்கூட்டுக் கடையில் கேட்டாலே தருவார்கள். டிஸ்க்கின் பெயரே இல்லையென்றால் கேபிள் கழன்றிருக்கலாம். அதை இறுக்கியும் தெரியாவிட்டால்தான் டிஸ்க் மேல் சந்தேகப்பட வேண்டும்.

எதுவானாலும், பிள்ளைகளின் நோட்ஸைப் பிரதி எடுக்கும்வரை ஃபோர்மட் பண்ணி டிஸ்க்கை அழிக்க வேண்டாம் என்று கடையில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.