டியூப் மைக் வாங்கும் முன் உங்கள் 'ஸ'வைக் கேளுங்கள்

கேள்வி: வீட்டில் ஒரு சின்ன அறையில் பாடிப் பதிவு செய்கிறேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸும் சாதாரண கண்டென்சர் மைக்கும் வைத்திருக்கிறேன். குரல் மெலிந்து, காதைக் குத்துகிற மாதிரி பதிவாகிறது. டியூப் மைக் வாங்கினால் குரலுக்கு ஒரு 'வார்ம்த்' வந்துவிடும் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? இன்டர்ஃபேஸில் இருக்கும் 48 வோல்ட் அதற்குப் போதுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். போதாது.

கண்டென்சர் மைக்கில் ஒலியைப் பிடிப்பது கேப்ஸ்யூல். அதிலிருந்து வருகிற சிக்னல் நீளமான கேபிளைத் தாங்காது. அதனால் கேப்ஸ்யூலுக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்யூட் நின்று அதைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவர வேண்டும். உங்களிடம் இப்போது இருக்கும் மைக்கில் அதைச் செய்வது பெரும்பாலும் எஃப்இடி என்ற ட்ரான்சிஸ்டர். டியூப் மைக்கில் அதே வேலையை டியூப் செய்கிறது. பழைய ரேடியோக்காரர்கள் வால்வு என்பார்களே, அதுதான். வால்வுக்குள் ஓர் இழை சூடாக வேண்டும். 12ஏஎக்ஸ்7 என்ற பிரபலமான டியூபின் இழைக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் தேவை. உங்கள் இன்டர்ஃபேஸின் அந்த 48 வோல்ட்டால், அதாவது பேன்டம் பவரால், தர முடிந்தது சுமார் 10 மில்லிஆம்பியர். இது போக, டியூப் சரியாக இயங்க நூறு வோல்ட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி3060 போல பேன்டம் பவரிலேயே ஓடுகிற டியூப் மைக்குகளும் உண்டு, ஆனால் அவை அபூர்வம்.

ஆகவே மைக்கோடு தனியாக ஒரு பவர் சப்ளைப் பெட்டியும் வரும். மைக்கிலிருந்து பெட்டிக்குப் பல பின்கள் கொண்ட கேபிள், பெட்டியிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு வழக்கமான எக்ஸ்எல்ஆர் கேபிள். அந்தச் சேனலில் 48 வோல்ட்டை அணைத்தே வையுங்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பல பின் கேபிளைக் கழற்றவே கூடாது, அதில் உயர் வோல்ட்டேஜ் போகிறது.

சரி, 'வார்ம்த்' விஷயத்துக்கு வருவோம். நியூமன் யு47 என்ற டியூப் மைக் வந்தது 1949இல், ஏகேஜி சி12 என்ற டியூப் மைக் வந்தது 1953இல். இந்த இரண்டின் புகழ்தான் இன்றைக்கும் 'டியூப்' என்ற சொல்லை விற்றுக்கொடுக்கிறது. அந்தக் காலத்தில் டியூப் வைத்ததற்கு ரசனை காரணமில்லை, மைக்குக்குள் வைக்க வேறு எதுவும் இருக்கவில்லை. நன்றாக வடிவமைத்த சர்க்யூட்டில், பாடுகிற சத்த அளவில், டியூப் சேர்க்கிற வண்ணம் சொற்பம். உங்கள் காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு கேப்ஸ்யூலுக்கும் அதைச் சுற்றியுள்ள சர்க்யூட்டுக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் போக வேண்டியது.

1960இல் வந்த நியூமன் யு67ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கே67 கேப்ஸ்யூல் உச்ச ஒலிகளைக் கொஞ்சம் தூக்கியே பிடிக்கும். வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும், அதனால் சர்க்யூட்டிலேயே ஃபீட்பேக் வைத்து அந்தத் தூக்கலைத் திரும்ப இறக்கினார்கள். கேப்ஸ்யூலும் சர்க்யூட்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். பின்னால் வந்த மலிவான மைக்குகள் பலவற்றில் அதே பாணிக் கேப்ஸ்யூல் இருக்கிறது, இறக்குகிற சர்க்யூட் இல்லை. விளைவு, உள்ளே அசல் டியூப் எரிந்துகொண்டிருந்தும் 'ஸ', 'ஷ' எல்லாம் ஊசி ஊசியாக வரும். நீங்கள் எதிலிருந்து தப்பிக்க நினைக்கிறீர்களோ அதையே கூடுதல் காசு கொடுத்து வாங்குவீர்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கி, 'ஸ' சத்தத்தை அடக்குகிற டீ-எஸ்ஸரோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டிய ஆள்தான்.

அதனால் முதல் சோதனையை இப்போதைய மைக்கிலேயே செய்யுங்கள். 'ஸ' நிறைய வரும் ஒரு வரியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூச்சுக்காற்றைத் தடுக்கிற பாப் ஃபில்டர் வைத்து நேராகப் பாடுங்கள். அப்புறம் மைக் முகத்தை 20 டிகிரி போல ஒருபக்கமாகத் திருப்பி, அதே வரியை மறுபடி பாடுங்கள். மூன்றாவது முறை, முதுகுக்குப் பின்னால் கனமான ரஜாயைத் தொங்கவிட்டுப் பாடுங்கள். கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்கத்து ஒலியையே பிரதானமாகப் பிடிக்கிற மைக், உங்கள் வாயைப் பார்க்கும்போது உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. சின்ன அறையில் குரல் மெலிய அந்த எதிரொலியே போதும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் குரல் சதை பிடித்தால், மைக் வாங்குவதை ஒத்திப்போடுங்கள். டியூப் மைக் அறையைச் சரிசெய்யாது.

அப்படியும் குத்தினால் வாங்கலாம். ஸ்பெக் தாளில் நான் முதலில் பார்ப்பது சுய இரைச்சல், அதாவது மைக் தானாகவே எழுப்பும் சத்தம். ரோட் கே2 என்ற டியூப் மைக்குக்கு அது 10 டெசிபல், அதே நிறுவனத்தின் டியூப் இல்லாத என்டி1க்கு 4.5. பாட்டுக்கு 10 தாராளம். 20ஐத் தொட்டால், மெதுவாகப் பாடுகிற இடங்களில் 'உஸ்' தெரிய ஆரம்பிக்கும். பல டியூப் மைக்குகளில், எந்தப் பக்கத்து ஒலியைப் பிடிப்பது என்ற பேட்டர்னைப் பெட்டியிலேயே மாற்றலாம். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் வீட்டில் தனியாகப் பாடுகிறவருக்குக் கார்டியாய்டைத் தாண்டி அவ்வளவாகத் தேவைப்படாது. எடையைப் பாருங்கள். லேசான ஸ்டாண்டில் மாட்டினால் பாதிப் பாட்டில் தலை குனிந்துவிடும்.

முடிந்தால் இரண்டு மைக்கில் ஒரே பாட்டைப் பாடி ஒப்பிடுங்கள். டியூப் மைக்கைக் குறைந்தது 20 நிமிடம் முன்னதாகப் போட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவராமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நல்லதாகக் கேட்கும். எது எந்த மைக் என்று தெரியாதபடி வேறொருவரை விட்டு ஓடவிடச் சொன்னால் இன்னும் உத்தமம்.

பழைய மைக் கிடைக்கிறது என்றால், பெட்டியில் இருக்கும் வோல்ட்டேஜ் சுவிட்ச் உங்கள் மின்சாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பிளக்கைச் சொருகும் முன்பே பாருங்கள். சூடான பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா கேளுங்கள். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் டியூபோ, அது உட்காரும் சாக்கெட்டோ தகராறு. பிறகு மைக்கின் உடம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று கேட்டு அடங்கினால் பரவாயில்லை. மணி அடித்த மாதிரி இழுத்து ஒலித்தால் டியூப் அதிர்வையெல்லாம் சத்தமாக்குகிற 'மைக்ரோஃபோனிக்' நிலைக்குப் போய்விட்டது; புது டியூப் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.