கடதாசிக் குருவி வெட்டக் கூப்பிட்டால் போங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டிருந்தது இதுதான்: மகனின் பூஜ்ஜியம் வகுப்பில் (முதலாம் வகுப்புக்கு முந்தியது) நத்தார் அலங்காரம் வெட்டும் நாளாம், பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், டென்மார்க்குக்கு வந்ததே இந்தக் கோடையில்தான், பாஷையும் பிடிபடவில்லை, நாங்களோ சைவக்காரர், கட்டாயம் போக வேண்டுமா, கடையில் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா?

போங்கள். ஆனால் கடையில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அதை அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'கிளிப்பெடே' என்று இங்கே சொல்லும் அந்த நாளில் செபம் ஒன்றும் கிடையாது. மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, தாய் தகப்பன், சில வேளை அம்மம்மா தாத்தாகூட வந்திருந்து, பிள்ளைகளோடு கடதாசி வெட்டி ஒட்டுவார்கள். அவ்வளவுதான். வகுப்போடு தேவாலயத்துக்குப் போனால் அது வேறு நாள். அதைப் பற்றி ஆசிரியரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

கடதாசி வெட்டுவது இந்த நாட்டில் பழைய பழக்கம். சிறுவர் கதைகள் எழுதிய டேனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சன் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் அன்னமும் ஆட்டக்காரியும் வெட்டுவாராம். 1860இல் அவர் பின்னிய கடதாசி இதயம்தான் இன்று மிஞ்சியிருப்பதில் ஆகப் பழையது. அதே மாதிரி இதயத்தை, சிவப்பு வெள்ளைக் கடதாசியில், உங்களிடமும் நீட்டுவார்கள். எடுத்த எடுப்பில் அதில் கை வைக்க வேண்டாம். பாய் பின்னுவது மாதிரி மேலும் கீழுமாகக் கீற்றை விட முடியாது, ஒன்றை மற்றதன் வயிற்றுக்குள்ளே நுழைக்க வேண்டும். விரல் குழம்பிவிடும்.

குருவியில் தொடங்குங்கள். வெள்ளைக் கட்டிக் கடதாசியில் உள்ளங்கையளவு குருவியின் உடம்பை வரைந்து வெட்டி, நடுவில் ஒரு பிளவு போடுங்கள். மெல்லிய கடதாசி ஒன்றை விசிறி மடிப்பாக மடித்து, அந்தப் பிளவுக்குள் பாதி வரை இழுத்து இரு பக்கமும் விரித்தால் சிறகு ரெடி. முதுகில் சின்ன ஓட்டை, அதில் நூல். தொங்கவிட்டதும் அலகு கீழே குத்திட்டு நின்றால், ஓட்டையைக் கொஞ்சம் தலைப் பக்கம் தள்ளிப் போடுங்கள், நேராகிவிடும்.

அப்புறம் 'மூஸட்ரப' ஒன்று இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். ஒரே அகலத்தில் இரண்டு கீற்று எடுத்து, நுனிகளை 'ட' போல ஒட்டி, மாறி மாறி ஒன்றின் மேல் மற்றதை மடித்துக்கொண்டே போனால் சுருள்கம்பி மாதிரி இழுபடும். எலிக்கு வால், பன்றிக்குக் கால், ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எல்லாம் அதுவே. பன்றி எதற்கு என்று முழிக்காதீர்கள், இவர்களின் நத்தாரில் பன்றி இல்லாமல் இராது. உங்கள் மகன் யானை செய்ய ஆசைப்பட்டால் செய்யட்டும். தும்பிக்கைக்கும் மூஸட்ரப நன்றாகப் பொருந்தும், மரத்தில் யானை தொங்குவதை இங்கே யாரும் குறை சொல்வதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளை கோணலாக வெட்டினால் நம்மவர்கள் கத்தரிக்கோலைப் பறித்துத் தாங்களே வெட்டிக் கொடுப்பார்கள். இந்த வழக்கத்தை வகுப்புக்குள் கொண்டு போகாதீர்கள். டேனிஷ் பெற்றோர் பிள்ளையின் கோணல் எலியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் எலியை வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பாஷைக்கும் பயப்படாதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்காத சனம், கையில் பசை ஒட்டியிருக்கும்போது தானாகக் கதைக்கும். "அந்தச் சிவப்புத் தாளைத் தருகிறீர்களா" என்று தொடங்கி, எங்கே இருக்கிறீர்கள், பிள்ளைகள் சேர்ந்து விளையாட வரலாமா என்று போகும். வகுப்பில் மகனுக்கு ஒரு கூட்டாளி கிடைக்க இதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை.

கத்தரிக்கோல், பசைக்குச்சி, பென்சில் கொண்டு போங்கள். கத்தரிக்கோலில் மகனின் பெயரை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வராது. இடையில் எப்லஸ்கீவர் என்ற உருண்டைப் பணியாரம் சுடச்சுட வரும், ஜாமும் சீனித்தூளும் தொட்டுச் சாப்பிடலாம். பள்ளிக்கூடமும் பெற்றோரும் தொடர்பு வைக்கும் 'அவ்லா' செயலியில் வருகிறோம் என்று இன்றைக்கே குறித்துவிடுங்கள், தலையை எண்ணித்தான் எப்லஸ்கீவருக்கு ஓடர் கொடுப்பார்கள்.