குப்பியில் இருக்கும் மனிதப் புரதம்

கேள்வி: என் மகள் வேலை பார்க்கும் புற்றுநோய் ஆய்வகத்தில் ‘மனித ஏபிஎல் கைனேஸ்’ என்று குப்பியில் வாங்குகிறார்களாம். மனிதரிடமிருந்தா எடுக்கிறார்கள்?

பதில்: இல்லை அம்மா. ஏபிஎல் கைனேஸ் என்பது செல்லுக்குள் மற்ற புரதங்களை இயக்கிவிடும் ஒரு புரதம். அதற்கான நம் மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிப் பூச்சி செல்லுக்குள் அனுப்பினால், அது புரதத்தைச் செய்து கொடுக்கும். பெரும்பாலும் எஸ்எஃப்9 (Sf9) என்ற பூச்சி செல்கள்தான். நம்மூர் மக்காச்சோளத்தை அழிக்கிறதே, அதே படைப்புழுவின் வம்சம்! நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஏபிஎல் மரபணு, பிசிஆர் (BCR) என்ற இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும்; அதனால் உருவாகும் புரதம் ஓயாமல் வேலை செய்யும். 2001-இல் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து அதை அடக்கியது. அந்தப் புரதத்தின் 315-ஆம் இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசின் என்ற வேறொன்றாக மாறினால், அந்த மருந்து அதில் ஒட்டாது. அப்படி மாறிய புரதத்தையும் தயாரித்துத்தான் புது மருந்துகளைச் சோதிக்கிறோம். மகளிடம் சொல்லுங்கள், சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கட்டும். ஒரே குப்பியை நாலு தடவை உருக்கி உறையவைத்து, ஒரு வார உழைப்பை இழந்தவள் நான்.