உறவுக்குப் பெயர் கேட்பவர்களுக்கு

கேள்வி: அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மனின் 'த்ரீ விமன்' படத்தை நண்பர்களோடு பார்த்தேன். ஒரே இடத்தில் வேலைபார்த்து ஒரே வீட்டில் தங்கும் மில்லியும் பிங்கியும் தோழியரா, தாயும் மகளுமா, காதலரா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. கனவு என்ற பெயரில் பார்வையாளரைக் குழப்புவது ஏமாற்று வேலை இல்லையா?
— ஒரு வாசகர், தருமபுரி

பதில்: இல்லை. மனைவி மருத்துவமனையில் இருந்த நாள்களில் ஆல்ட்மன் கண்ட கனவிலிருந்துதான் 1977-இல் வெளிவந்த அந்தப் படம் பிறந்தது. ஆகவே கனவு என்பது அவர் தேடிக்கொண்ட சாக்கு அன்று. கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் முதியோருக்கான நீர்ச்சிகிச்சை நிலையத்தில் வேலைபார்க்கும் மில்லி, சமையல் குறிப்பு, விருந்து, வீட்டு அலங்காரம் என்று ஓயாமல் பேசுகிறாள். ஒருவரும் காதில் வாங்குவதில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போது அவளுடைய மஞ்சள் ஆடையின் ஓரம் இடுக்கில் சிக்கி வெளியே தொங்குகிறது, அடுத்த முறையும் அப்படியே தொங்குகிறது. "துணி மாட்டியிருக்கிறது, பார்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத வாழ்க்கையை அந்தத் துணி ஓரத்திலேயே நான் கண்டுகொண்டேன். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் மில்லியாக நடித்த ஷெல்லி டுவாலுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்ததில் எனக்கு வியப்பே இல்லை.

உங்கள் ஊரை வைத்தே ஒன்று கேட்கிறேன். தகடூர் அதியமான் மறைந்தபோது ஔவை பாடிய புறநானூற்று 235-ஆம் பாட்டில், "நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே" என்ற அடிகள் வருகின்றன. மணக்கும் கையால், புலால் நாறும் தன் தலையை வருடிக்கொடுத்தவன் இனி இல்லையே என்று அழுகிற அவளுக்கு அவன் யார்? புரவலனா, தோழனா, தந்தையைப் போன்றவனா? பாட்டு சொல்லவில்லை. அதற்காக ஔவை நம்மை ஏமாற்றிவிட்டாள் என்பீர்களா?

பென்னாகரம், அரூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய், சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருபவளுக்குச் சோறு எடுத்துவைத்து, காய்ச்சல் வந்தால் லீவு போட்டுக் கூடவே இருப்பவளை அவர்கள் 'ரூம்மேட்' என்றுதான் சொல்வார்கள். சொல்வதற்கு வேறு சொல் அவர்களிடம் இல்லை.

படத்தின் மூன்றாவது பெண்ணான வில்லி வரையும் சுவரோவியங்களின் மீது ஆல்ட்மன் குறியீட்டுச் சுமையை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார் என்று நீங்கள் குறை சொல்லியிருந்தால் பாதியாவது ஒப்புக்கொண்டிருப்பேன். உறவின் பெயரைச் சொல்லவில்லை என்ற குறையை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பிங்கி நீச்சல்குளத்தில் குதித்து நினைவிழந்து கிடக்கையில் மருத்துவமனைக்கு அலைபவள், அதுவரை அவளைப் பொருட்படுத்தாத மில்லிதான். டெக்சாசிலிருந்து பெற்றோரை வரவழைப்பவளும் அவளே. கண்விழித்த பிங்கியோ, பெற்றோர் என்று உறவுப்பெயர் தெளிவாகத் தெரிந்த அந்த இருவரையும் பார்த்து, இவர்கள் யாரென்றே தெரியாது என்கிறாள். அந்தக் காட்சியை மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.